பழைய வெஸ்டர்ன் காமிக்ஸும் ஒரிஜினல் ஓவியங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கௌபாய் ஹீரோக்களான டெக்ஸ் வில்லரையும் கேப்டன் டைகரையும் லக்கி லூக்கையும் சிவகாசி அச்சில் படித்து வளர்ந்தவர்களில் பலர், கையில் கொஞ்சம் காசு புரளத் தொடங்கியதும் மூல இதழ்களைத் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். அப்படிக் கிளம்பியவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. சூப்பர் ஹீரோ சேகரிப்பு பற்றி இதில் அதிகம் இருக்காது, அதற்கு வேறு ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள்.

வெஸ்டர்ன் என்றால் அமெரிக்க இதழ்கள் மட்டும்தானா?

இல்லை. கதை நடக்கிற மண் அமெரிக்காவுடையது, ஆனால் இன்று வரை விடாமல் வரைந்துகொண்டிருப்பவர்கள் ஐரோப்பியர்கள். அமெரிக்காவில் 1937 பிப்ரவரி தேதியிட்டு வந்த வெஸ்டர்ன் பிக்சர் ஸ்டோரீஸ், ஸ்டார் ரேஞ்சர் இரண்டும் முழுக்க கௌபாய் கதைகளுக்கென்றே வந்த ஆரம்ப கால இதழ்கள். பெல்ஜியத்தில் மோரிஸின் லக்கி லூக் 1946 கடைசியில் ஸ்பிரூ பத்திரிகையின் ஆண்டு மலரில் தலைகாட்டினார். இத்தாலியில் டெக்ஸ் வந்தது 1948 செப்டம்பர் 30 அன்று. நாம் கேப்டன் டைகர் என்று கூப்பிடும் ப்ளூபெர்ரி, 1963 அக்டோபர் 31 அன்று பிரான்ஸின் பிலோட் வார இதழில் ஆரம்பித்தது. இந்த நான்கில் எதைச் சேர்த்தாலும் வெஸ்டர்ன் சேகரிப்புதான்.

எந்த ஹீரோவிலிருந்து ஆரம்பிக்கலாம்?

ஹீரோவை விடுங்கள், வரைந்த கையைப் பிடியுங்கள். என்னிடம் யார் கேட்டாலும் முதலில் சொல்வது இதுதான்.

சூப்பர் ஹீரோ சந்தையில் விலை என்பது பெரும்பாலும் 'இன்னார் முதன்முதலில் தோன்றிய இதழ்' என்ற ஒரே கணக்கில் ஓடுகிறது. சூப்பர்மேன் அறிமுகமான ஆக்ஷன் காமிக்ஸ் முதல் இதழின் ஒரு பிரதி 2024இல் 60 லட்சம் டாலருக்குப் போனது. கௌபாய்களுக்கு அந்த மாதிரி வெறி கிடையாது. அதனால் விலை நிர்ணயிப்பவர்கள் பார்க்கத் தவறுகிற ஒன்று நம் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது, அதாவது அருமையான ஓவியம். குதிரை வரைவது சுலபமில்லை. நாலு காலும் தரையில் படாமல் பாயும்போது எந்தத் தசை இழுபடும், சேணத்தில் உட்கார்ந்தவன் எந்தப் பக்கம் சாய்வான் என்பதெல்லாம் தெரிந்தவர்கள்தான் இந்த வகையில் காலம் தள்ளினார்கள்.

எவரெட் ரேமண்ட் கின்ஸ்ட்லரை எடுத்துக்கொள்ளுங்கள். 1950களின் தொடக்கத்தில் ஏவன் நிறுவனத்தின் ஜெஸ்ஸி ஜேம்ஸ், கிட் கார்சன் இதழ்களுக்கு வரைந்தவர். முன்னட்டையின் உள்பக்கத்தில் கறுப்பு வெள்ளையில் அவர் போட்ட பேனாச் சித்திரங்கள் இருக்கும், ஒரு முறை பார்த்தால் போதும், பக்கத்தைத் திருப்ப மனசு வராது. அதே ஆள் பிற்பாடு உருவப்பட ஓவியராகி, வெள்ளை மாளிகையில் தொங்கும் ஃபோர்டு, ரீகன் ஆகியோரின் அதிகாரபூர்வ ஓவியங்களை வரைந்தார். இருந்தும் அந்த ஏவன் இதழ்கள், அதே காலத்து சூப்பர் ஹீரோ இதழ்களோடு ஒப்பிட்டால் விலையில் எங்கேயோ கீழே இருக்கின்றன.

வேறு யாரைத் தேடலாம்?

ஜான் செவரின், சீருடையிலும் துப்பாக்கியிலும் ஒரு பொத்தான்கூடத் தப்பாகப் போடாதவர் என்று பெயர் எடுத்தவர். அலெக்ஸ் டோத், டெல் நிறுவனத்துக்காக 1950களின் இறுதியில் வரைந்த ஸோரோ இதழ்கள். ஜோ மனீலி, பிற்பாடு மார்வெல் ஆன அட்லஸ் நிறுவனத்தில் ரிங்கோ கிட், பிளாக் ரைடர் போன்றவற்றை வரைந்தவர். அவர் 1958இல் 32 வயதில் ரயில் பெட்டிகளுக்கு இடையில் விழுந்து இறந்தார், இல்லையென்றால் மார்வெலின் வரலாறே கொஞ்சம் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சிதான். டோபி பிரஸ் வெளியிட்ட ஜான் வேய்ன் இதழ்களின் ஆரம்ப எண்களில் ஃபிராங்க் ஃபிரசெட்டாவும் ஆல் வில்லியம்சனும் சின்னப் பையன்களாக இருந்தபோது வரைந்த பக்கங்கள் இருக்கின்றன. அவை மட்டும் மலிவில்லை, ஃபிரசெட்டா பெயர் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

மார்வெல் ரசிகர்களுக்கு ஒரு குறுக்கு வழி: ராஹைட் கிட் 17ஆம் இதழிலிருந்து, அதாவது 1960இலிருந்து, எழுதியவர் ஸ்டான் லீ, வரைந்தவர் ஜாக் கிர்பி. ஃபென்டாஸ்டிக் ஃபோர் வருவதற்கு ஒரு வருஷம் முன்பே அதே கூட்டணி அங்கே கைபழகிக்கொண்டிருந்தது.

பழைய இதழ்களில் ஓவியர் பெயரே இருக்காதே, கை யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸில் இதழ் வாரியாக, கதை வாரியாகத் தேடலாம், இலவசம். அப்புறம் கண்ணைப் பழக்க வேண்டும். ஃபாசெட், ஏவன் போன்ற நிறுவனங்களின் ஏராளமான வெஸ்டர்ன் இதழ்கள் அமெரிக்காவில் பதிப்புரிமை முடிந்து டிஜிட்டல் காமிக் மியூசியத்தில் முழுசாகப் படிக்கக் கிடைக்கின்றன. வாங்குவதற்கு முன் அங்கே நூறு இதழ் புரட்டிப் பாருங்கள். காதும் கைவிரலும் எப்படி வரைகிறார், தொப்பி விளிம்பின் கோடு எங்கே தடிக்கிறது என்று கவனித்தால் ஒரு மாதத்தில் நான்கைந்து பேரை நீங்களே அடையாளம் சொல்வீர்கள்.

பெயர் போட்டிருந்தாலும் நம்பிவிட வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டெக்ஸில் விர்ஜிலியோ முட்ஸி போன்றவர்கள் வரைந்த பக்கங்களில் டெக்ஸின் முகத்தை மட்டும் மூல ஓவியரான கலெப்பினி வரைந்து கொடுத்தார். ப்ளூபெர்ரியின் ஆரம்ப ஆல்பங்களில் அதன் ஓவியர் ஜான் ஷிரோ கைவிட்ட சில பக்கங்களை அவருடைய குருநாதர் ஜிஜே வரைந்து நிரப்பியிருக்கிறார். 'ஷிரோ பக்கம்' என்று யாராவது விற்க வந்தால் எந்த ஆல்பம், எத்தனையாவது பக்கம் என்று கேட்பது அதனால்தான்.

கௌபாய் இதழ்கள் ஒரு காலத்தில் அவ்வளவு விற்றன என்கிறார்கள், இப்போது ஏன் மவுசு இல்லை?

விற்றது உண்மைதான். போர் முடிந்த பிறகு சூப்பர் ஹீரோக்கள் படுத்துவிட்டார்கள். ஜஸ்டிஸ் சொசைட்டி என்ற சூப்பர் ஹீரோ கூட்டணி குடியிருந்த ஆல் ஸ்டார் காமிக்ஸ் 1951இல் 58ஆம் இதழோடு ஆல்-ஸ்டார் வெஸ்டர்ன் என்று பெயரே மாறியது. ராய் ராஜர்ஸ், ஜீன் ஆட்ரி போன்ற சினிமாக்காரர்களுக்குத் தனி இதழ், அவர்கள் குதிரைக்குக்கூடத் தனி இதழ் வந்தது. அந்த இதழ்களைச் சிறுவயதில் படித்தவர்கள்தான் பிற்காலத்தில் விலையை ஏற்றினார்கள், அந்தத் தலைமுறை குறையக் குறைய வாங்குபவரும் குறைகிறார்கள். நமக்கு இது நல்ல சேதி, லாபம் பார்க்க நினைப்பவருக்குக் கெட்ட சேதி.

டெல் இதழ்களின் அட்டையில் காமிக்ஸ் கோட் முத்திரை இல்லை, போலியா?

போலியில்லை. 1954இல் அந்த முத்திரையைத் தரும் தணிக்கை அமைப்பு வந்தபோது டெல் அதில் சேரவே இல்லை. 1950களின் லோன் ரேஞ்சரில் முத்திரை இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அட்டையில் சென்ட்டுக்குப் பதில் பென்ஸ் விலை போட்டிருக்கிறதே?

1960 வாக்கில் தொடங்கி பிரிட்டனுக்கு அனுப்ப அதே அச்சகத்தில், அதே சமயத்தில், விலையை மட்டும் மாற்றி அச்சிட்ட பிரதிகள் அவை. கிட் கோல்ட், ராஹைட் கிட் இதழ்களில் 9 பென்ஸ் என்று பார்க்கலாம். மறுபதிப்பு என்று சொல்லி யாராவது அடிமாட்டு விலைக்குக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

கிரேடு என்கிறார்களே, அது எப்படி?

0.5இலிருந்து 10 வரை ஒரு அளவுகோல். 9.4 நியர் மின்ட், 8 வெரி ஃபைன், 6 ஃபைன், 4 வெரி குட், 2 குட். விளம்பரத்தில் 'குட்' என்று பார்த்துவிட்டு நல்ல பிரதி என்று நினைத்து வாங்கினால், முதுகு பிரிந்து, மூலை மடங்கி, அட்டையில் எவனோ கணக்குப் போட்டுப் பார்த்த பிரதிதான் வந்து சேரும். அதுதான் 2.

2000இலிருந்து சி.ஜி.சி. என்ற நிறுவனம் காசு வாங்கிக்கொண்டு மதிப்பெண் போட்டு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துக் கொடுக்கிறது. விலை உயர்ந்த ஒன்றிரண்டுக்கு அது சரி. வெஸ்டர்ன் இதழ்களில் முக்கால்வாசிக்கு மதிப்பெண் போடுகிற செலவு இதழின் விலையைத் தாண்டிவிடும். அதோடு பெட்டிக்குள் போனால் உள்பக்கத்தைப் பார்க்க முடியாது, ஓவியத்துக்காகச் சேர்க்கிற ஆளுக்கு அது எதற்கு? டெல் இதழ்களை நல்ல நிலையில் தேடுபவர்கள் 'ஃபைல் காப்பி' என்று குறிக்கப்பட்டவற்றைப் பாருங்கள், அவை பதிப்பாளரே எடுத்து வைத்திருந்து பிற்பாடு சந்தைக்கு வந்த பிரதிகள், பல பிரதிகளை யாரும் புரட்டிப் பார்த்ததுகூடத் தெரியாது.

ஒட்டுப்போட்ட, வண்ணம் தீட்டிய பிரதிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். இருட்டறையில் அடித்துப் பார்த்தால் பழைய நியூஸ்பிரின்ட் மங்கலாகத் தெரியும், பிற்காலத்து வெள்ளைத் தாளால் போட்ட ஒட்டு பளிச்சென்று நீலமாக மின்னும். முதுகுப் பக்கம் கறுப்பு, சிவப்பு மை மறுபுறம் ஊறியிருந்தால் மார்க்கர் வேலை. இதழின் அகலத்தை அதே வருஷத்து இன்னொரு இதழோடு வைத்துப் பாருங்கள், இரண்டு மில்லிமீட்டர் குறைந்தால் ஓரத்தை வெட்டிச் சீர்செய்திருக்கிறார்கள். சி.ஜி.சி. பெட்டியில் இருந்தால் ஊதா நிற லேபிள்தான் அடையாளம்.

டெக்ஸின் இத்தாலிய இதழ்களை வாங்கலாமா? எந்தப் பதிப்பு?

ஆரம்ப கால டெக்ஸ் புத்தக வடிவிலேயே இல்லை. காசோலைப் புத்தகம் மாதிரி நீளவாக்கில், பக்கத்துக்கு ஒரே வரிசைப் படம், விலை 15 லிரா. முதல் கதையின் பெயர் 'மர்ம டோட்டம்'. எழுதியது ஜான் லுயிஜி பொனெல்லி, வரைந்தது கலெப்பினி. அந்த நீளத் துண்டுகள் நல்ல நிலையில் கிடைத்தால் இத்தாலியர்களே விட மாட்டார்கள், நமக்கு எட்டாது. இப்போது ஓடுகிற பெரிய அளவுத் தொடர் 1958இல் ஆரம்பித்தது. அதன் மறுபதிப்புகள் அடுக்கடுக்காக வந்திருப்பதால் முதுகைப் பாருங்கள்: மூன்று நட்சத்திரம் இருந்தால் அது 'ட்ரே ஸ்டெல்லே' மறுபதிப்பு. படிக்க அருமை, விலை போட்டு வாங்க வேண்டியதில்லை. இன்னொன்று, ஆரம்பக் கதைகளை மறுபதிப்பு செய்தபோது பெண்களின் உடையை நீட்டியும் சில காட்சிகளை மாற்றியும் கை வைத்திருக்கிறார்கள், அதனால் மூலத்தைத் தேடுபவர்களுக்கு இது வெறும் அட்டை சமாச்சாரம் இல்லை.

கலெப்பினி 400ஆம் இதழ் வரை அட்டை வரைந்து 1994இல் மறைந்தார், 401இலிருந்து கிளாடியோ வில்லா. என்னைக் கேட்டால் முதலில் வாங்க வேண்டியது 1988இல் தொடங்கிய ராட்சத அளவு சிறப்பிதழ்களை. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பெரிய ஓவியர் வரைந்திருப்பார். மாக்னுஸ் ஒரே ஒரு கதைக்கு ஏழு வருஷம் எடுத்துக்கொண்டு, 1996இல் முடித்த கையோடு காலமானார். அந்தக் கதையில் ஒரு மரத்தின் இலைகளைத் தனித்தனியாக எண்ணலாம். ஜோ குபர்ட்டும் ஒரு இதழ் வரைந்திருக்கிறார். இத்தாலிய மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இரவுக்கழுகார், அதாவது நம்ம டெக்ஸ், யாரை எதற்குக் குத்துகிறார் என்பது நமக்குப் புரியாதா என்ன.

கேப்டன் டைகர், லக்கி லூக் ஆல்பங்களில் முதல் பதிப்பை எப்படி அறிவது?

முதல் பக்கங்களில் இருக்கும் பதிப்பு ஆண்டு மட்டும் போதாது, மறுபதிப்பிலும் அதே ஆண்டைப் போட்டிருப்பார்கள். பின்னட்டையில் அதுவரை வெளிவந்த ஆல்பங்களின் பட்டியல் இருக்கும், அதில் உங்கள் கையிலிருக்கும் ஆல்பத்துக்குப் பிந்தைய தலைப்புகள் இருந்தால் அது பிந்தைய அச்சு. பி.டி.எம். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பிரெஞ்சு விலைக் கையேட்டில் ஒவ்வொரு ஆல்பத்துக்கும் எந்தப் பட்டியல் என்று விவரம் இருக்கிறது. லக்கி லூக்கில் பதிப்பகத்தைப் பாருங்கள்: 1968இல்தான் டுப்யூயிடமிருந்து டார்கோவுக்கு மாறியது, ஆக டார்கோ சின்னத்துடன் 1950களின் ஆல்பம் 'முதல் பதிப்பு' என்று வந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

தமிழ்ப் பதிப்புகளையும் சேகரிப்பில் சேர்க்கலாமா?

தாராளமாக. முத்து காமிக்ஸ் 1972இலும் லயன் காமிக்ஸ் 1984இலும் தொடங்கின, இரண்டும் சிவகாசி. டெக்ஸின் முதல் தமிழ்க் கதையான 'தலை வாங்கிக் குரங்கு' நல்ல பிரதியாக யாரிடமாவது இருந்தால் கொடுக்க மாட்டார். ஓவியத்தைப் பார்க்கிற கண்ணுக்கு இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. டெக்ஸ் இத்தாலியிலேயே கறுப்பு வெள்ளை, அதனால் சாணித்தாளில் வந்தாலும் ஓவியர் நினைத்தது ஓரளவு அப்படியே வந்து சேர்ந்தது. டைகர் வண்ணத்துக்காக வரையப்பட்டது. 'தங்கக் கல்லறை' முதலில் நமக்குக் கறுப்பு வெள்ளையில் வந்தபோது வண்ணம் போய்விட்டது உண்மைதான், ஆனால் ஷிரோவின் தூரிகைக் கோடு எவ்வளவு துணிச்சலானது என்று அந்தப் பதிப்பில்தான் தெளிவாகத் தெரிந்தது. பிற்பாடு வந்த வண்ணப் பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பைண்டிங் செய்து வைக்கலாமா?

கூடாது. நம் ஊரில் ஆறு இதழைச் சேர்த்துத் தைத்து, ஓரத்தை வெட்டி, காலிகோ அட்டை போட்டுவிடுவார்கள். படிக்க சௌகரியம், சேகரிப்பாக அதற்குக் கால் பங்கு மதிப்புகூடத் தேறாது. ஏற்கனவே பைண்டிங் ஆனதைப் பிரிக்கவும் வேண்டாம், இன்னும் கிழியும்.

ஒரிஜினல் ஆர்ட் என்றால் அச்சுப் பிரதியா, வரைந்த தாளா?

வரைந்த தாள், உலகத்தில் அது ஒன்றே ஒன்று. அச்சிட்ட இதழ் லட்சக்கணக்கில் இருக்கலாம், இது ஓவியரின் மேஜையில் கிடந்த தாள்.

என்னிடம் இருப்பது ஜாக் கெல்லர் வரைந்த கிட் கோல்ட் பக்கம் ஒன்று. கெல்லர் பத்து வருஷத்துக்கும் மேலாக அந்தத் தொடரை வரைந்தவர், பெரிய பெயரில்லை, அதனால்தான் வாங்க முடிந்தது. தடித்த அட்டை, இதழைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நீள அகலம். அச்சில் சப்பென்று கறுப்பாகத் தெரிந்த பாறை நிழல், இங்கே சாய்வாக வெளிச்சம் அடித்தால் தூரிகை போன போக்கு தெரிகிறது, மை ஓரிடத்தில் அடர்த்தி, ஓரிடத்தில் பழுப்பு. குதிரையின் பின்னங்கால் முதலில் வேறு மாதிரி இருந்திருக்கிறது, அதை வெள்ளை பூசி மறைத்து மேலே திரும்ப வரைந்திருக்கிறார். ஓரத்தில் நீலப் பென்சிலில் அச்சகத்துக்கான குறிப்பு, அந்த நீலம் கேமராவில் விழாது என்பதால் அழிக்காமல் விட்டுவிட்டார்கள். பேச்சுக் குமிழி ஒன்றில் வேறு வசனத்தைத் தனித்தாளில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், பசை மஞ்சளாகிவிட்டது.

ஐரோப்பியப் பக்கங்களில் ஒரு வித்தியாசம் உண்டு. மைக்கோடு ஒரு தாளில், வண்ணம் வேறு தாளில். கோட்டை இளநீலத்தில் மங்கலாக அச்சிட்டு அதன்மேல் வண்ணம் தீட்டுவார்கள், கறுப்புக் கோடு தனியாக ஒளி ஊடுருவும் ஃபிலிமில் மேலே படியும். 'ப்ளூபெர்ரி வண்ண ஒரிஜினல்' என்று விற்பது பெரும்பாலும் இந்த வண்ணத்தாள்தான். அழகாக இருக்கும், ஆனால் அதில் ஓவியரின் கோடு அச்சிடப்பட்டது, வரையப்பட்டதில்லை. விலையும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

பழைய அமெரிக்கப் பக்கங்கள் ஏன் இவ்வளவு அரிது?

பதிப்பாளர்கள் அவற்றைக் கிழித்துப் போட்டார்கள், வந்தவர் போனவருக்குக் கொடுத்தார்கள், மிச்சத்தைக் கிடங்கில் அடைத்தார்கள். 1970களின் நடுவில்தான் டி.சி.யும் மார்வெலும் ஓவியர்களுக்குத் திருப்பித் தரத் தொடங்கின. கிர்பி தன் பழைய பக்கங்களுக்காகப் பல வருஷம் மல்லுக்கட்டி 1987இல் ஒரு பகுதியை மட்டும் வாங்கினார். ஓவியரின் அனுமதியின்றி வெளியே போன பக்கங்களும் சந்தையில் சுற்றுகின்றன, எனவே இது யார் யார் கைமாறி வந்தது என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

போலிப் பக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் அளவு. 1967 வாக்கு வரை வரைபரப்பு ஏறத்தாழ 12க்கு 18 அங்குலம், அதன்பின் 10க்கு 15. 1962ஆம் ஆண்டுப் பக்கம் என்று சொல்லிச் சின்ன அட்டையைக் காட்டினால் அங்கேயே பேச்சை முடித்துவிடலாம். அடுத்து, அச்சான இதழை வாங்கிப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கோடாக ஒப்பிடுங்கள். அச்சில் இருப்பது அட்டையிலும் இருக்க வேண்டும், அட்டையில் அச்சில் வராத தடயங்களும் இருக்க வேண்டும்: அழித்த பென்சில், வெள்ளை, வெட்டுக்குறி. மிகச் சுத்தமாக இருக்கும் பழைய பக்கம்தான் என்னைப் பயமுறுத்தும். ஓவியரே பிற்காலத்தில் ரசிகருக்காகத் திரும்ப வரைந்து கொடுத்ததும் உண்டு, அது போலியில்லை, ஆனால் பழைய பக்கத்தின் விலைக்கு அதை வாங்கக் கூடாது.

பக்கம் வாங்கினால் அந்தப் படத்தை அச்சிட்டு விற்கலாமா?

முடியாது. தாள்தான் உங்களுடையது, பதிப்புரிமை இல்லை.

எங்கே வாங்குவது?

அமெரிக்கப் பக்கங்களுக்கு டல்லாஸின் ஹெரிடேஜ், அப்புறம் காமிக்லிங்க். அவர்களின் பழைய ஏல முடிவுகளைப் பார்த்தாலே விலை நிலவரம் பிடிபடும். பிரெஞ்சு, பெல்ஜிய ஓவியங்களுக்குப் பாரிஸின் ஆர்ட்குரியல். ஏலத்தில் சுத்தியல் விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கமிஷன், அனுப்பும் செலவு, இங்கே சுங்கவரி மூன்றும் சேரும், கை தூக்குவதற்கு முன் கூட்டிப் பார்த்துவிடுங்கள். மதிப்பைக் குறைத்துப் போடச் சொல்லாதீர்கள், வழியில் தொலைந்தால் அந்தக் குறைந்த தொகைதான் இன்ஷூரன்ஸில் வரும். உருட்டி அனுப்பச் சொல்லவே சொல்லாதீர்கள்: இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே தட்டையாக வர வேண்டும்.

சென்னை மாதிரி ஊரில் எப்படிப் பாதுகாப்பது?

நமக்கு எதிரி ஈரம்தான். நியூஸ்பிரின்ட்டில் அமிலம் பிறவியிலேயே இருக்கிறது, வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வேகமாகப் பழுத்து நொறுங்கும், ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுத்தாளைத் தின்னும். பாலியஸ்டர் உறை, பின்னால் அமிலம் நீக்கிய அட்டை, அலமாரியில் சிலிக்கா ஜெல், ஈரமானி ஒன்று. ஈரப்பதத்தை 50 சதவீதத்தை ஒட்டி வைத்திருக்க முடிந்தால் நல்லது. சாதாரண பாலித்தீன் பையில் போட்டு இறுக்கி ஒட்டிவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாது. பரண் வேண்டாம், வெயில் படும் சுவரை ஒட்டிய பீரோவும் வேண்டாம். ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போடும் பழக்கத்தை விடுங்கள், அந்த வாடை தாளை விட்டுப் போகாது, சில பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். மாதம் ஒருமுறை எடுத்துப் புரட்டிப் பார்த்தாலே பூச்சி பாதி அடங்கும். செல்லோ டேப், எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

சுவரில் மாட்டலாமா?

மையில் வரைந்தது என்றால் மாட்டலாம், புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டு, தாள் கண்ணாடியில் ஒட்டாதபடி நடுவில் இடைவெளி விட்டு, நேர் வெயில் படாத சுவரில். வண்ணத்தாளையும் மார்க்கர் ஓவியத்தையும் மாட்டாதீர்கள், வெளுத்துவிடும்.

கையில் ஐயாயிரம் ரூபாய் இருக்கிறது, இன்று என்ன வாங்கலாம்?

இத்தாலிய டெக்ஸ் ராட்சதச் சிறப்பிதழ்களில் பிடித்த ஓவியர் ஒருவருடையது, கின்ஸ்ட்லரோ மனீலியோ வரைந்த ஏதாவது ஒரு அமெரிக்க இதழ், முதுகு பிரிந்திருந்தாலும் பக்கம் முழுசாக இருந்தால் போதும். மிச்சத்தில் உறையும் அட்டையும் வாங்குங்கள். அனுப்பும் செலவு இதழின் விலையைவிட அதிகமாக வந்து நிற்கும், அதனால் வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர் யாராவது இருந்தால் அவர் பெட்டியில் இடம் கேட்டு வையுங்கள்.